பெயர் மறைக்கப்படாத தேர்வு: ஓவியக் கல்லூரிகளின் இறுதியாண்டு மதிப்பீட்டில் சாதி

பல்கலைக்கழக எழுத்துத் தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாது. பதிவெண் மறைக்கப்பட்டு, டம்மி எண் இடப்பட்ட பின்னரே தாள் அவர் மேசைக்குச் செல்கிறது. பெயரும் ஊரும் மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கல்வி நிர்வாகமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்த எண். கவின் கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் அப்படியொரு திரை இல்லை. மாணவர் தம் படங்களைச் சுவரில் மாட்டி, அவற்றின் அருகில் தாமே நிற்கிறார். தேர்வாளர்கள் படத்தையும் பார்க்கிறார்கள், அவரையும் பார்க்கிறார்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ஏன் இதை வரைந்தாய் என்று கேட்கிறார்கள். பேச்சு வழக்கு, நிறம், உடை, ஊர் என அனைத்தும் படத்தோடு சேர்ந்தே மதிப்பிடப்படுகின்றன.

நான்காண்டு பி.எஃப்.ஏ. படிப்பின் முடிவில் நடக்கும் இத்தேர்வை மாணவர்கள் 'டிஸ்ப்ளே' என்றும் 'ஜூரி' என்றும் அழைக்கின்றனர். உயிருருவ வரைதல், காம்போசிஷன், ஸ்கெட்ச் புத்தகங்கள், இறுதித் திட்டமாகச் செய்த படவரிசை ஆகியவை ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்படும். துறை ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் பார்வையிட்டு, கேள்வி கேட்டு, மதிப்பெண் இடுவார்கள். அவற்றில் தேர்ந்தெடுத்த படைப்புகளின் தொகுப்பே போர்ட்ஃபோலியோ. எம்.எஃப்.ஏ. சேர்க்கைக்கும், உதவித்தொகைக்கும், விளம்பர நிறுவன வேலைக்கும், காட்சிக்கூடத்தின் கதவைத் தட்டுவதற்கும் அதுவே நுழைவுச்சீட்டு. ஆகவே அந்த ஒரு பிற்பகலில் சொல்லப்படும் சொற்கள் ஒரு மாணவரின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கக்கூடியவை.

அச்சொற்களை நாம் கூர்ந்து கேட்க வேண்டும். நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் தம் தாயின் வேலைக் கருவிகளைக் கரித்துண்டால் வரைந்திருந்தார்: தேய்ந்த விளக்குமாறு, தள்ளுவண்டி, கழற்றி வைத்த கையுறை. இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள். "கோடு நன்றாக இருக்கிறது, ஆனால் இது போஸ்டர்" என்பது அவருக்குக் கிடைத்த விமர்சனம். அதே அறையில் கோயில் தூண்களின் யாளிகளை வரைந்த மாணவருக்கு 'மரபின் தேடல்' என்ற பாராட்டு. இருவரும் ஒரே கையுழைப்பைத்தான் செலுத்தியிருந்தார்கள். ஒருவருடைய நினைவு மரபாகவும், மற்றவருடைய நினைவு 'பிரச்சினை'யாகவும் வகைபிரிக்கப்பட்டது.

இது தனியொரு தேர்வாளரின் மனக்கோணல் மட்டுமன்று. சென்னை ஓவியக் கல்லூரியின் வேர் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியில் இருக்கிறது. நுண்கலை ஒரு பக்கமும் கைத்தொழில் மறுபக்கமும் என்ற பிரிவினை அத்தகைய காலனியப் பள்ளிகளில் வலுப்பெற்றது. மண், தோல், மூங்கில் ஆகியவற்றைக் கையாண்ட சாதிகளின் அறிவு 'கைவினை' என்ற கீழ்த்தட்டில் வைக்கப்பட்டது. பின்னர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் வளர்ந்த சென்னை ஓவிய இயக்கம், மேற்கத்திய நகலெடுப்பிலிருந்து விடுபட உள்ளூர் வடிவங்களை நாடியது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களை நினைவூட்டும் அமைப்புகளைக் காணலாம். அவருடைய சாதனையைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஜாதகக் கட்டம் தூய வடிவமாக ஏற்கப்படும் அறையில், பறையின் வட்டம் மட்டும் ஏன் 'கருத்துப் பிரச்சாரம்' ஆகிறது என்பதே நம் கேள்வி. வட்டமும் வடிவந்தானே.

ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை வரைவது கலைத்தரத்துக்குக் குறைவு என்ற வாதம் ஓவிய வரலாற்றின் முன் நிற்காது. ஜெர்மனியின் கெத்தே கோல்விட்ஸ் நெசவாளர் எழுச்சியைப் பற்றி மூன்று லித்தோகிராஃப், மூன்று எட்சிங் என ஆறு அச்சுப் படங்களை உருவாக்கினார். 1898இல் பெர்லின் கண்காட்சியின் நடுவர் குழு அவற்றுக்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதை மறுத்துவிட்டார். இன்று அவ்வரிசை அச்சோவியப் பாடங்களில் கற்பிக்கப்படுகிறது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிதினாப்பூர் மாவட்டத்தில் அலைந்து சித்தபிரசாத் வரைந்த கோட்டோவியங்கள் நூலாக வந்தபோது, ஆங்கில அரசு அதன் படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. நாக்பூரில் பிறந்து, பரோடாவில் அச்சோவியம் பயின்ற சாவி சாவர்க்கர், கழுத்தில் எச்சில் கலயம் தொங்க நடந்த தீண்டப்படாதவரின் உருவத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். கலயமும் துடைப்பமும் அவர் கையில் ஓவிய மொழியாகவே மாறின. 'போஸ்டர்' என்ற ஒற்றைச் சொல்லால் இம்மூவரையும் தள்ளிவிட எந்தத் தேர்வாளரும் துணியமாட்டார். எதிரில் நிற்பவர் இருபத்தொரு வயது தலித் மாணவர் என்றால் துணிச்சல் வந்துவிடுகிறது.

பொருளாதாரம் இதே கதையின் மறுபக்கம். கான்வாஸ், சட்டம், எண்ணெய் வண்ணம், கண்ணாடி, படமெடுத்து அச்சிடும் செலவு, வண்டி வாடகை என இறுதித் திட்டம் முழுவதும் மாணவரின் பையிலிருந்தே வர வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு உரியது. 2021 நெறிமுறைகளின்படி, பொதுவான பட்டப் படிப்புகள் அடங்கும் மூன்றாம் பிரிவில் கல்விப் படி விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மற்றவருக்கு 3,000 ரூபாய். ஒரு நோட்டும் பேனாவும் போதுமான படிப்பையும், ஒவ்வொரு வாரமும் தாளும் வண்ணமும் தின்னும் படிப்பையும் இந்தக் கணக்கு ஒன்றாகவே பாவிக்கிறது. விளைவு சுவரில் தெரியும். மலிவுத் தாள் மஞ்சளாகும், சட்டமில்லாத படம் சுருளும், விடுதிக் கட்டிலுக்கடியில் வைத்த ஓவியத்தின் மூலை மடங்கும். படைப்பின் அளவைக் கற்பனை தீர்மானிப்பதில்லை, அறையின் அளவே தீர்மானிக்கிறது. தேர்வாளர் இதை 'அக்கறையின்மை' என்று குறிப்பார். படைப்பு விளக்கவுரையை ஆங்கிலத்தில் எதிர்பார்க்கும் வழக்கமும் இதோடு சேர்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர் நான்காண்டு உழைப்பைப் பிழையான நான்கு ஆங்கில வரிகளாகச் சுருக்க நேர்கிறது.

இறுதித் தேர்வு ஒரு வாழ்வை எவ்வளவு தூரம் முடக்க முடியும் என்பதைப் பரோடா காட்டியது. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில், 2007 மே மாதம், தேர்வு மதிப்பீட்டுக்காக வைக்கப்பட்ட ஒரு முதுகலை மாணவரின் படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துவதாகக் கூறி வெளியாட்கள் நுழைந்து தகராறு செய்தனர். கைதானவர் மாணவர். அவருக்கு ஆதரவாக மற்ற மாணவர்கள் வைத்த காட்சியை மூட மறுத்த பொறுப்புப் புலத் தலைவர் சிவாஜி பணிக்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாணவரின் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் அவர் துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்த குற்றச்சாட்டில் மீண்டும் கைதானபோதுதான், பட்டம் கேட்டு அவர் பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்ததை நாடு அறிந்தது. தீ வைப்பை நாம் நியாயப்படுத்தவில்லை. அந்த ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். 2022 மே மாதம் அதே புலத்தில், பாலியல் வன்முறைச் செய்தித் துணுக்குகளைக் கொண்டு தெய்வ உருவங்கள் செய்த மாணவர் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. இவை சாதி வழக்குகள் அல்ல. எனினும், மதிப்பீட்டுக்காக வைத்த படைப்பைக் கல்லூரியே பாதுகாக்காவிட்டால், பின்னால் நிற்கக் குடும்பமோ பணமோ இல்லாத மாணவர் எதை வரையத் துணிவார்?

மாற்ற முடியாத நிலைமை என்று இதை நாம் கருதவில்லை. சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்வையிடத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஓவியத் தேர்விலோ பார்வையிடுவதற்கென்று தாளே உருவாவதில்லை. எனவே முதல் கோரிக்கை அந்தத் தாளை உருவாக்குவதே. கோடு, அமைப்பு, பொருட்கையாளல், கருத்து வளர்ச்சி எனத் தலைப்புவாரியாக மதிப்பெண்ணும், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிக் காரணமும் தேர்வாளர் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். காரணம் எழுத வேண்டிய நிலை வந்தால் 'போஸ்டர்' என்று எழுதுவது கடினம். நேர்காணலுக்கு முன்பாகவே, பெயரின்றி எண் மட்டும் இட்ட படங்களுக்கு ஒரு பகுதி மதிப்பெண்ணை இட்டுவிடலாம். இதற்குப் பெரிய செலவேதும் இல்லை. தமிழில் விளக்கவுரை தரும் உரிமை, இறுதியாண்டுப் பொருட்செலவுக்குத் தனி நிதி, குழுவில் தலித் ஓவியர் ஒருவர் ஆகியவையும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 நெறிமுறைகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவையும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் எதிர்பார்த்தன. உங்கள் ஓவியக் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அதுவரை மாணவத் தோழர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு ஸ்கெட்சிலும் தேதி இடுங்கள். காட்சிக்கு முந்தைய நாளே எல்லாப் படங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கல்லூரிக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். தேர்வாளர் சொன்னதை அன்றிரவே சொல்லுக்குச் சொல் எழுதி, உடனிருந்த நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். போர்ட்ஃபோலியோவைத் தொகுக்கும்போது ஆசிரியர் ஒதுக்கிய படங்களை உடனே எறிந்துவிட வேண்டாம். கையுறையையும் விளக்குமாற்றையும் வரைந்த அந்த மாணவர் தம் தாள்களை உரச்சாக்கில் சுற்றி ஊருக்கு எடுத்துச் சென்றார். எம்.எஃப்.ஏ. விண்ணப்பத்தோடு அனுப்புவதற்காக இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். வெயில் படாமல் தாளைப் பிடித்திருப்பவர் அவருடைய தாய்.