வீட்டிலேயே பிரெட் செய்தால் காசு மிச்சமா? மெஷின் வாங்கும் முன் ஒரு கணக்கு!

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி, திண்டுக்கல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் அவசரப் பசிக்கு டீயும் பன்னும்தான் துணை. சுற்றியுள்ள வீடுகளிலும் பள்ளி செல்லும் பிள்ளைக்கு டோஸ்ட், காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்த பிரெட் எனப் பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தீர்கின்றன. 'ஒரு பிரெட் மேக்கர் வாங்கினால் அந்தக் காசு மிச்சமாகுமே' என்ற யோசனை பலருக்கும் வரும். ஆகுமா?

கணக்கு இதுதான்

கடையில் 400 கிராம் பிரெட் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அதே அளவுக்கு மைதா 300 கிராம் 15 ரூபாய், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் 3 ரூபாய், எண்ணெய், சர்க்கரை, உப்பு 4 ரூபாய், கரன்ட் 3 ரூபாய். மொத்தம் 25. மிச்சம் 20 ரூபாய்.

மெஷின் விலை 7,000 ரூபாய் என்றால், போட்ட காசை எடுக்க 350 பிரெட் செய்ய வேண்டும். வாரம் மூன்று செய்கிற வீட்டில் இரண்டேகால் வருடத்தில் முதல் திரும்பிவிடும். வாரம் ஒன்றுதான் என்றால் ஏறக்குறைய ஏழு வருடம்! அதுவரை மெஷின் பழுதாகாமல் இருக்க வேண்டும்.

மெஷின் செய்யும் வேலை

பிரெட்டில் கஷ்டமான வேலை மாவு பிசைவதுதான். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டு பிரெட் மெஷினை உருவாக்கியபோது, மேல் பகுதி கருகியது, உள்ளே வேகவில்லை. அந்தக் குழுவில் இருந்த இகுகோ தனாகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பிரெட் மாஸ்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் மாவை இழுத்து முறுக்கிப் பிசைவதைக் கவனித்து, அந்த அசைவை மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். 1987-ல் மெஷின் விற்பனைக்கு வந்தது. பரோட்டா மாஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் எளிதில் புரியும்.

வாங்குவோர் கவனத்துக்கு

* கோடையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். குளிர்ந்த நீர் ஊற்றி, ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறைக்கலாம்.
* வெறும் கோதுமை மாவில் பிரெட் கனமாக வரும். பாதி மைதா கலந்தால் மிருதுவாகும்.
* கெட்டுப்போகாமலிருக்க எதுவும் சேர்க்காததால் இரண்டு, மூன்று நாளில் பூசணம் பிடிக்கலாம். மீந்ததைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்கவும். வீணாகும் ஒவ்வொரு பிரெட்டும் மிச்சத்தைத் தின்றுவிடும்.
* நடுவில் கரன்ட் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும் மாடலா என்று கேட்டு வாங்கவும்.

இன்னொரு லாபமும் உண்டு. பிரெட்டில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் தடை செய்தது. வீட்டு பிரெட்டில் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கே தெரியும்.

அவசரம் வேண்டாம். ஒரு மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள். ஓரிரு முறை கையால் பிசைந்து, குக்கரிலோ ஓவனிலோ சுட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டு, மாதம் பன்னிரண்டு பாக்கெட்டைத் தாண்டினால் மெஷின் வாங்கலாம். இல்லையென்றால், முனைக்கடை பிரெட்டே லாபம்!