பாண்டி பஜார் பெயருக்குள் இருக்கும் பிரதிநிதி



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில் ஓர் இளம் உறுப்பினர் எழுந்து, "நமக்கென்று ஒரு வியாபாரி கவுன்சிலராக இருந்தால் நம் குறையெல்லாம் தீர்ந்துவிடாதா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசனை வந்தது. பிரதிநிதி என்பவர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, அவரை அனுப்புகிற நாம் என்ன செய்ய வேண்டும் என்று நாம் ஒருநாளும் பேசியதில்லை. அதை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதலாம் என்று நினைத்தேன்.

சரக்கு எடுக்கவும் துணி எடுக்கவும் நாம் அனைவரும் தியாகராய நகர் பாண்டி பஜாருக்குப் போயிருப்போம். அந்தப் பாண்டி யார் என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் விழிப்பார்கள். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே மக்கள் வாயில் பாண்டி பஜார் ஆயிற்று. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, தன் சமுதாயத்தின் பிரதிநிதியாகப் பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். நமது இளம் உறுப்பினரின் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

முதலில் மகமை, பிறகு பதவி

ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் 1893-ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். நாடார் சமுதாயத்தவர். நான் அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் பதினாறு வயதில் தாம்பரத்துக்கு வந்து, ஓர் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கித் தொழில் கற்றவன். மகமை என்ற சொல்லை முதலில் கேட்டது அந்தக் கடையில்தான்.

தெற்கே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் உறவின்முறை என்ற அமைப்பை வைத்திருந்தார்கள். விற்கும் சரக்கில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதற்குப் பெயர் மகமை. வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்குப் பேட்டை, குடிதண்ணீருக்குக் கிணறு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் மகமைப் பணத்தில் எழுந்தவை. காமராஜர் படித்த விருதுநகர் ஷத்திரிய வித்தியாசாலையும் அப்படி வந்ததுதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளியை நடத்தியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அந்தச் சமுதாயத்தாருக்குப் பல கோயில்களில் நுழைய அனுமதி கிடையாது. பல தெருக்களில் மரியாதை கிடையாது. இருந்தும் அவர்கள் முதலில் பதவி கேட்டுப் போகவில்லை. பணம் சேர்த்தார்கள், பொதுக்கணக்கு எழுதினார்கள், பள்ளி கட்டினார்கள். 1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கினார்கள். 1962-இல் பெயர் மாறிய அதே வங்கிதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நம்மில் பலருக்கு அங்கே கணக்கு உண்டு.

இவ்வளவு அடித்தளத்துக்குப் பிறகுதான் சட்டசபையில் ஓர் இடம் வந்தது.

சட்டசபையில் ஒரு நாற்காலி

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. அன்று சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. தேர்தலில் இடம் கிடைக்காத சமுதாயங்களுக்கு அரசே சிலரை நியமிக்கும். அப்படி நாடார்களின் பிரதிநிதியாக நியமனம் பெற்றவர் சௌந்தரபாண்டியனார். அப்போது வயது இருபத்தேழு.

அந்த நேரத்தில் சங்கத்தின் பெரிய கோரிக்கை ஒன்று உண்டு. அரசாங்கப் பதிவேடுகளில் தங்களைப் பழைய பெயரால் எழுதக்கூடாது, நாடார் என்றே எழுத வேண்டும் என்பது அது. 1921-இல் அரசு அதற்கு ஆணையிட்டது. பேரேட்டில் ஒருவர் பெயரைத் தவறாக எழுதினால் கணக்கே தகராறில் முடியும் என்பது நமக்குத் தெரியும். ஒரு சமுதாயத்தின் பெயரையே அவர்கள் விரும்பாத விதத்தில் எழுதி வந்தால் அந்த வலி எப்படி இருக்கும்?

இதோடு அவர் நின்றிருந்தால், தன் சமுதாயத்துக்கு உழைத்த ஒருவர் என்று மட்டும் நினைவில் இருந்திருப்பார். அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பஸ்ஸும் லைசென்சும்

1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நமது மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் கிராமத்துக்காரர் அவர். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதுவானாலும் எந்தச் சாதியாரும் புழங்கலாம் என்பது தீர்மானம். சபையில் நிறைவேறியது. ஆனால் தெருவில் நடைமுறைக்கு வரவேண்டுமே! அன்று ஓடிய தனியார் பஸ்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றமாட்டார்கள். சாலை எல்லாருக்கும் பொது என்று காகிதத்தில் இருக்கும். சாலையில் ஓடும் வண்டியில் இடம் இருக்காது.

சௌந்தரபாண்டியனார் 1928-இல் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவர் ஆனார். பஸ் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் அப்போது ஜில்லா போர்டிடம் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். பேச்சாலும் தீர்மானத்தாலும் ஆகாத காரியத்தை லைசென்ஸ் காகிதம் முடித்து வைத்தது. தன் பதவியின் கையில் எந்தச் சாவி இருக்கிறது என்று அறிந்து அந்தப் பூட்டைத் திறந்தார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பஸ்ஸில் இடம் மறுக்கப்பட்டவர்கள் அவருடைய சமுதாயத்தார் அல்லர். அவரை நியமனத்துக்குச் சிபாரிசு செய்தவர்களும் அல்லர். நேற்றுவரை தம் மக்களுக்கு அடைத்திருந்த கதவுக்கு வெளியே இன்று வேறொருவர் நிற்பதைப் பார்த்து, அவருக்காகவும் திறந்தார்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டைப் பெரியார் கூட்டியபோது தலைமை வகித்தவரும் இவரே. நம் தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. ஒரு சமுதாயத்தின் பிரதிநிதியாக உள்ளே போனவர் ஒன்பது ஆண்டில் எல்லாருக்குமான மேடையில் தலைவராக உட்கார்ந்தார். 1953-இல் காலமானார்.

நாம் செய்த தவறு

இப்போது என் கதைக்கு வருகிறேன். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடைவீதியில் நடைபாதைக் கடைகள் பெருகிவிட்டன. வாடகையும் வரியும் கட்டும் எங்கள் வாசலை மறைக்கிறார்கள் என்று கோபம். நாலைந்து பேர் சேர்ந்து மனு எழுதினோம். எழுதியவன் நான். மக்கள் பிரதிநிதி ஒருவரைப் பிடித்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, ஒரே காலையில் எல்லாரையும் அகற்றச் செய்தோம்.

முதல் வாரம் வீதி அகலமாகத் தெரிந்தது. இரண்டாம் வாரம் சாயங்காலக் கூட்டம் குறைந்தது. என்னிடம் வாரம் நான்கு மூட்டை துவரம்பருப்பு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் மூன்று போதும் என்றார். காரணம் கேட்டேன். "ரயிலை விட்டு இறங்கிப் பூ வாங்க வர்ற அம்மாதான் அண்ணே நம்ம கடையில கால் கிலோ பருப்பும் வாங்கும். பூக்காரியத்தான் நீங்க அனுப்பிட்டீங்களே" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இரண்டு மாதத்தில் அவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். எங்களில் யாரும் இன்னொரு மனு எழுதவில்லை. பஸ்ஸில் ஏற்ற மறுத்த முதலாளிக்கும் அன்றைய எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த இடம், எந்த நேரம், எத்தனை கடை என்று பேசி முடிக்கத்தான் அந்தக் குழு. அதை விட்டுவிட்டு மனு எழுதி விரட்டுவது பழைய வழி.

யாரிடம் எதைக் கேட்பது?

நமது தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. மொத்தம் 70 வார்டுகள். 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், குப்பை, உட்சாலை, தொழில் உரிமக் கட்டணம், சொத்து வரி பற்றிய முறையீடு. எடையளவு முத்திரைக்குத் தொழிலாளர் துறை. உணவு உரிமத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. ஜி.எஸ்.டி. வரி விகிதம் மத்திய நிதி அமைச்சரும் மாநில அமைச்சர்களும் உட்காரும் மன்றத்தில் முடிவாகும், அதற்கு எம்.பி.யையும் மாநில அமைச்சரையும்தான் பார்க்க வேண்டும். நம் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. ஆக, வரியானாலும் சாலையானாலும் ஜி.எஸ்.டி. என்று பெயர் வந்தால் அது கவுன்சிலர் கையில் இல்லை! கையில் இல்லாத சாவியைக் கேட்டு அவரைத் திட்டுவதில் பயன் கிடையாது.

இன்னொரு வாசல் பகுதி சபை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அங்கங்கே மக்கள் கூடிக் குறை சொல்லலாம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி நமது மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக்கு அன்றைய முதலமைச்சரே வந்தார். அதன் பிறகு என் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். வந்திருந்த வியாபாரிகள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர்களெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வரமுடியாது என்றார்கள். காலம் காலமாக நாம் சொல்லும் காரணம் அது.

வியாபாரி ஒருவர் கவுன்சிலராக வரட்டும். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன் கடைக்கு ஓர் ஆள் பகுதி சபைக்குப் போகட்டும். மாதம் ஒரு தொகை சங்கப் பொதுக்கணக்கில் சேரட்டும், அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிப்போம். நம் வார்டின் மனுவில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் குறையும் ஒரு வரியாக இருக்கட்டும்.

அடுத்த பகுதி சபை அறிவிப்பு வந்ததும் சங்க அலுவலகப் பலகையில் எழுதி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக் கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் கடையை மாலை இரண்டு மணி நேரம் பையன் பார்த்துக் கொள்வான். உங்கள் கடையையும் அப்படி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அன்புடன் கேட்டுக் கொள்கிறேன்.