வீடு விற்கப் போகிறீர்களா?

வணிகப் பெருமக்களே! கடைக் கடனை அடைக்க வீட்டை விற்க நேர்ந்தால், அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். முதலில் வீட்டில் அடுக்கியிருக்கும் சரக்கு மூட்டைகளைக் கிடங்குக்கு மாற்றுங்கள். அறையின் அளவு அப்போதுதான் தெரியும். இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, பிறகு பெயின்ட் அடியுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீதுகளையும் தயாராக வையுங்கள்.

ஆனால் கூரைக் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்திருந்தால், வெள்ளையடித்து மறைக்காதீர்கள். வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் மோசடி என்றே கருதும். மேலே முழு அரிசி, அடியில் நொய் என்று பெயர் வாங்கினால், வீட்டோடு கடையின் பெயரும் போய்விடும்.