வரம்பின்மையும் வியாபகமும்

எப்பொருளையும் எல்லை வகுத்தே அறிவது நம் அறிவின் இயல்பு. இது குடம், இது ஆடை என ஒன்றைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காணும் அவ்வறிவைச் சுட்டறிவு என்பர் நூலோர். சுட்டப்படுவன யாவும் ஏகதேசமாய்த் தோன்றி நின்று அழிவன. இறைவனோ வரம்பிலாப் பொருள். அவன் நம் அறிவிற்கு விளங்குமாறு எங்ஙனம்? விளங்கான் எனின் சூனியமாய் முடியும். சுட்டி விளங்குவான் எனின் அசத்தாய் முடியும். இவ்விரு குற்றமும் நீங்கச் சிவசத்தின் இயல்பை வகுத்துரைப்பது சிவஞான போதத்து ஆறாஞ் சூத்திரம் என்க.

வரம்பின்மையை அளவின் மிகுதி எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. என்னை? ஆயிரம், இலக்கம், கோடி என எத்துணை ஏறினும் பெறப்படுவது எண்ணேயாகலின். மாலும் அயனும் அடிமுடி காணாது மீண்டது சென்ற தூரம் குறைந்தமையாலன்று. அளத்தலென்னும் நெறி அளவிலிக்கு ஏலாமையால் என்று கொள்க.

ஈண்டு ஒரு வினா எழும். உயிரும் வியாபகம் எனச் சித்தாந்தம் கூறும். வரம்பிலாப் பொருள் இரண்டாயின் ஒன்றற்கு மற்றொன்று எல்லையாகாதோ எனின், ஆகாது. இடத்தை அடைத்து நிற்கும் பருப்பொருள்களே ஒன்றையொன்று விலக்கும். பல விளக்கொளிகள் ஓரறையில் விலக்கின்றி நிறைதல் கண்கூடு. சிவத்தின் வியாபகத்துள் உயிரும், உயிரின் வியாபகத்துள் பாசமும் அடங்கும் என நுண்மை பற்றி முறை வகுத்தனர் ஆன்றோர்.

வரம்பிலாதவற்றுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டென்பதை மேனாட்டுக் கணிதமும் ஒருவாற்றாற் கண்டது. 1, 2, 3 என்னும் எண்களை 2, 4, 6 என்னும் இரட்டை எண்களோடு ஒவ்வொன்றாக இணைப்பின் எஞ்சுவது யாதுமில்லை. இரு தொகுதியும் நிகரே. ஆயின் ஒரு கோட்டின் புள்ளிகளை எங்ஙனம் வரிசைப்படுத்தி எண்ணினும் விடுபட்டன உளவாம் என்று செருமானிய அறிஞர் காண்டர் 1874இல் நிறுவினார். 1891இல் எளிய முறையொன்றும் காட்டினார். எவ்வாற்றானும் மிகுத்தற்கரிய முழு வரம்பின்மையை அவர் இறைவற்கே உரித்தாக்கினமை கருதத்தக்கது. எனினும் இஃது ஒருபுடை உவமையே. கணிதம் தொகை பற்றியது. வியாபகம் அறிவின் நிறைவு பற்றியது.

அங்ஙனமாயின் வியாபகமாகிய உயிர் சிற்றறிவாய் நிற்பது என்னை? செம்பிற் களிம்புபோல் அநாதியே பற்றிய மலம் அதனை அணுத்தன்மைப்படுத்தலின். அதுபற்றியே அம்மலம் ஆணவம் எனப்பட்டது. ஆகவே வரம்பு கடத்தலாவது உயிர் தன் எல்லையைத் தானே பெருக்கிக்கொள்ளுதல் அன்று. பெருக்க முயலும் 'யான்' என்னும் தற்போதமே அவ்வெல்லையாகலின், அது மேன்மேலும் தடிக்குமன்றி நீங்காது. கதிரொளியைத் துணைக்கொண்டு கண் அக்கதிரையே காணுமாறுபோல, உயிர் திருவருளைத் துணைக்கொண்டே சிவத்தை உணரும். அந்நிலையினும் அஃது இறைவற்கு நிகராகாது; பகலில் விண்மீனொளி ஞாயிற்றொளியுள் அடங்கியாங்கு அவன் வியாபகத்துள் அடங்கி நின்று பேரின்பம் நுகரும். இதுவே சித்தாந்த முத்தி என்று துணிக.

திருச்சிற்றம்பலம்.