கோடு ஏன் நடுங்குகிறது?

ஒருவர் நடந்து செல்வதைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறீர்கள். அந்தக் காணொளியின் ஒவ்வொரு படத்தின் மேலும் கோடு வரைந்து கார்ட்டூனாக மாற்றினால் அதுதான் ரோட்டோஸ்கோப்பிங். சுலபமாகத் தோன்றும். ஆனால் ஓடவிட்டுப் பாருங்கள்: மூக்கும் சட்டைக் காலரும் கொதிக்கும் நீரைப்போலத் துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரே மூக்கை இரண்டு முறை வரைந்தால் கோடு அதே இடத்தில் விழாது. தனிப்படத்தில் அந்த வேறுபாடு தெரியாது. விநாடிக்கு 24 படங்கள் ஓடும்போதோ, கண் அதை அசைவாகவே எடுத்துக்கொள்கிறது. வீசும் கையைவிட, அசையாமல் நிற்கும் கதவில்தான் நடுக்கம் பளிச்சென்று தெரியும்.

இம்முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மேக்ஸ் ஃபிளைஷர். தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டிப் படம்பிடித்து, ஒவ்வொரு படமாகக் கண்ணாடியில் விழச் செய்து, அதன்மேல் தாள் வைத்து வரைந்தார். 1917இல் காப்புரிமை கிடைத்தது. 'பார்த்து வரைவது கலையா?' என்ற முணுமுணுப்பு இன்றும் உண்டு. எதை வரையாமல் விடுவது என்று முடிவெடுக்க ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

கணினி வந்தபின் வேலை குறைந்தது. பாப் சபிஸ்டன் உருவாக்கிய ரோட்டோஷாப் மென்பொருளில் ஓவியர் ஒரு கோட்டை வரைவார். சில படங்கள் தள்ளி அதே கோட்டை மீண்டும் வரைவார். இடைப்பட்ட நிலைகளைக் கணினி நிரப்பிவிடும். 'வேக்கிங் லைஃப்' (2001) படம் அப்படி உருவானதுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தோளிலிருந்து வீசும் கை ஊசல்போல வளைவில் போகிறது. விரல்நுனியின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கொடுத்தால், கணினி அவற்றை நேர்க்கோட்டில் இணைக்கக்கூடும். அப்போது பாதி வழியில் கை குட்டையாகிவிடும். வீச்சின் நடுவிலும் ஒரு படத்தை நீங்களே வரையுங்கள்.

பழகிப்பார்க்க கிரிட்டா, பிளெண்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். இரண்டு விநாடிக் காணொளியில் தொடங்குங்கள். 48 படங்களில் ஒன்றுவிட்டு ஒன்று வரைந்தால் 24 ஓவியங்கள்தான். குதிகால் தரையைத் தொடும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை ஆகியவற்றை முதலில் முடியுங்கள். முந்திய ஓவியம் மங்கலாகத் தெரியும் வசதியை இயக்கிக்கொண்டால் கோடு அதிகம் விலகாது. அசையாத கதவைத் தனி அடுக்கில் ஒரே முறை வரைந்து அப்படியே விட்டுவிடுங்கள். தொலைபேசியை முக்காலியில் நிறுத்திப் படமெடுத்திருந்தால்தான் இது பலிக்கும்.

நடப்பவர் ஒற்றை நிறச் சட்டை போட்டிருக்கட்டும். பாத்திக் சட்டைக்காரரை அடுத்த மாதம் அழைத்துக்கொள்ளலாம்.