டீயும் பன்னும் பெற்ற கம்ப்யூட்டர்

லண்டன் மாநகரின் ஹாமர்ஸ்மித் பகுதியில் கேட்பி ஹால் என்றொரு வளாகம். வருடம் 1951. தெருமுனையிலேயே ரொட்டி வேகிற வாசனை மூக்கைத் துளைக்கிறது. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் கேக், ஒரு பக்கம் சுவிஸ் ரோல், இன்னொரு பக்கம் ஐஸ்கிரீம். மாவு மூட்டைகள் உள்ளே வர, பலகாரத் தட்டுகள் வேன்களில் ஏறி வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. அத்தனையையும் தாண்டி வாருங்கள், மாடி ஏறுவோம். அந்தக் கதவைத் திறங்கள்.

ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள் சுமார் 6,000 வால்வுகள் கணகணவென்று எரிகின்றன. பழைய ரேடியோப் பெட்டிக்குள் செக்கச்செவேல் என்று மினுங்குமே ஒரு கண்ணாடிக் குமிழ், அதேதான்! ஒரு ரேடியோவுக்கு ஐந்தாறு இருந்தால் போதும். இங்கே ஆறாயிரம். சூடு அப்படியே முகத்தில் அடிக்கிறது. ஒரு மூலையில் ஒலிபெருக்கி என்னவோ கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. இதுதான் லியோ. லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ் என்பதன் சுருக்கம். அலுவலகக் கணக்குகளை வாடிக்கையாகப் போடுவதற்கென்று ஓடிய உலகின் முதல் கம்ப்யூட்டர். இதைக் கட்டியது எந்த ராணுவமும் இல்லை, எந்த மின்பொருள் கம்பெனியும் இல்லை. ஒரு டீக்கடைக் கம்பெனி!

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது.

ஜே. லயன்ஸ் அண்ட் கோ என்றால் அந்தக் காலத்து பிரிட்டனில் தெரியாதவர் கிடையாது. 1894-ல் லண்டன் பிக்காடிலியில் முதல் டீக்கடையைத் திறந்தார்கள். பிறகு ஊரெங்கும் 200-க்கும் மேல் கடைகள். கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த பரிமாறும் பெண்களுக்கு 'நிப்பி' என்று செல்லப்பெயர். ஒரு கப் டீ, ஒரு பன், அதற்கொரு துண்டு பில். கிடைக்கும் லாபமோ சில்லறைக் காசு. ஆனால் அந்தத் துண்டு பில்கள் லட்சக்கணக்கில் குவியும். அவற்றைக் கூட்டிச் சரிபார்க்கவே பெரிய கூடங்களில் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் தொடங்கும் கூட்டல் மாலையில்தான் ஓயும்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு 1923-ல் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார் ஜான் சிம்மன்ஸ். படித்த மனிதர்களை இப்படி நாள் முழுக்கக் கூட்ட வைப்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அலுவலக வேலையை எப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று ஆராய்வதற்காகவே தனிப் பிரிவு ஒன்றை நடத்தினார். ஆபீஸ் வேலையை ஆராய ஓர் ஆபீஸ்! இந்தக் கதையின் விதை அங்கேதான் விழுந்தது என்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1947-ல் சிம்மன்ஸின் ஆட்கள் இருவர், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும் ரேமண்ட் தாம்சனும், அமெரிக்க அலுவலகங்களில் என்ன புதுமை வந்திருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்கள். அலுவலகங்களில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. ஆனால் எனியாக் என்ற ராட்சதக் கணக்கு யந்திரத்தைப் பற்றிக் காதில் விழுந்தது. அதில் பணியாற்றிய ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைப் பிரின்ஸ்டனில் போய்ப் பார்த்தார்கள். அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒருவர் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய், வீட்டிலிருந்து ரயிலேறிப் போகும் தூரத்தில் இருப்பவரின் விலாசத்தை வாங்கிவந்தார்கள்.

அந்தக் கேம்பிரிட்ஜ்காரர் மாரிஸ் வில்க்ஸ். அவருடைய கூடத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம். 1946 மே மாதத்தில் ஒரு நாள், எட்வாக் என்ற கம்ப்யூட்டரைப் பற்றி ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கை அவர் கைக்கு வந்தது. கொண்டுவந்த நண்பருக்கு மறுநாள் திருப்பித் தர வேண்டும். நகலெடுக்கும் யந்திரம் இல்லாத காலம். என்ன செய்வார்? இரவெல்லாம் கண்விழித்துப் படித்தே முடித்தார். வேலைக்கான கட்டளைகளையும் அதற்கான எண்களையும் ஒரே நினைவகத்தில் வைப்பது என்ற யோசனை அதில் இருந்தது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன்வரை அந்த யோசனையில்தான் ஓடுகிறது. வில்க்ஸ் அன்றிரவே தன் பாதையை முடிவு செய்துவிட்டார். அதிலிருந்து பிறந்தது எட்சாக்.

எட்சாக் எண்களை எதில் நினைவு வைத்திருந்தது தெரியுமா? பாதரசத்தில்! ஐந்தடி நீள இரும்புக் குழாய் நிறையப் பாதரசம். ஒரு முனையில் இருக்கும் படிகத்துண்டு மின்துடிப்பை ஒலியாக மாற்றி உள்ளே அனுப்பும். மின்சாரத்தோடு ஒப்பிட்டால் ஒலி ஆமை. அது பாதரசத்துக்குள் நடந்து மறுமுனைக்குப் போய்ச்சேர ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அங்கே இன்னொரு படிகம் அதைப் பிடித்து மறுபடி மின்சாரமாக்கி, பழையபடி முதல் முனைக்கே அனுப்பும். இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் துடிப்புகள்தான் எண்கள். மறந்துவிடக்கூடாதே என்று குழந்தை கடைக்குப் போகும் வழியெல்லாம் "கால் கிலோ பருப்பு, கால் கிலோ பருப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே போகுமே, அந்த மாதிரி. பாதரசத்துக்குப் பதில் ஜின் மதுவைக்கூட ஊற்றலாம் என்று யோசனை சொன்னவர் சாட்சாத் ஆலன் டூரிங்!

1949 மே 6-ஆம் தேதி எட்சாக் தன் முதல் வேலையைச் செய்தது. 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை அச்சடித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்த கூத்துதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். புரோகிராம் எழுதியவர்கள் அதைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொண்டுவருவார்கள். துணி காயப்போடுகிற மாதிரி கட்டிய கொடியில் நாடாக்களை வரிசையாக மாட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். யார் நாடா முன்னால் தொங்குகிறதோ அவர் முறை. புரோகிராமில் பிழை இல்லாமல் வந்தவர் அபூர்வம். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது வில்க்ஸுக்கே சட்டென்று உறைத்ததாம், இனி ஆயுளில் பெரும்பகுதி தன் புரோகிராமிலேயே பிழை தேடுவதில்தான் போகப்போகிறது என்று! அவருடைய மாணவர் டேவிட் வீலர் அதற்கொரு மாற்று வழி கண்டார். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒருமுறை சரியாக எழுதிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அந்தத் துண்டு நாடாக்களை இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். புரோகிராம்களுக்கு ஒரு நூலகம்!

மறுபடி டீக்கடைக்கு வருவோம். லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு நன்கொடையாகச் சில ஆயிரம் பவுண்டு கொடுத்தது. கூடவே எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்ற தன் ஊழியரையும் உதவிக்கு அனுப்பியது. எட்சாக் ஓடியதைப் பார்த்ததும், கடையில் விலைக்குக் கிடைக்காததை நாமே கட்டிவிடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். பொறியாளர் வேண்டும் என்று அதற்கு முன்பே விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வந்து சேர்ந்தவர் ஜான் பிங்கர்டன். போர்க்காலத்தில் ரேடாரில் வேலை செய்தவர். கேம்பிரிட்ஜில் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது திரவங்களுக்குள் கேளா ஒலி எப்படிப் போகிறது என்பதை. பாதரசக் குழாய் கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆளை எங்கே தேடிப் பிடிப்பது!

லியோவில் எட்சாக்கைப் போல நான்கு மடங்கு நினைவகம் வைத்தார்கள். 64 பாதரசக் குழாய்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 8.75 கிலோபைட். உங்கள் போனில் 3 எம்பி அளவில் ஒரு போட்டோ எடுத்தால், அதை வைக்க இப்படிப்பட்ட லியோக்கள் சுமார் 350 வேண்டும். அந்தத் துளி இடத்தில்தான் ஒரு கம்பெனியின் கணக்கையே அடக்கினார்கள். 1951 பிப்ரவரியில், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே வருடம் நவம்பர் 29, 30 தேதிகளில் லியோ தன் முதல் அலுவலகப் பொறுப்பை முழுதாக ஏற்றது. பேக்கரியில் வாரந்தோறும் செய்த ரொட்டி, கேக் முதலானவற்றின் மதிப்பைக் கணக்கிடும் வேலை அது. கம்ப்யூட்டர் முதன்முதலில் பார்த்த ஆபீஸ் வேலை ரொட்டிக் கணக்கு!

அந்த ஒலிபெருக்கியைச் சொன்னேனே, அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. புரோகிராம் ஓடும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ஓசை. பழகிய காது அதை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒரே ராகத்தை இழுத்துக்கொண்டே இருந்தால், யந்திரம் எங்கோ செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

யந்திரத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், லியோவின் நிஜ அதிசயம் டேவிட் கேமினரின் மேஜையில் இருந்தது. போரில் ஒரு காலை இழந்து திரும்பியவர் அவர். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே யந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்று கறாராக இருந்தார். இன்று மென்பொருள் கம்பெனிகளில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் என்று சொல்கிறார்களே, அந்த வேலையை உலகில் முதலில் செய்தவர்களில் முக்கியமானவர் அவர்.

1952-ல் கம்பெனிக்குள்ளேயே ஒரு வாரத் தேர்வுப் பயிற்சி வைத்தார்கள். அதில் தேறி வந்தவர் மேரி கூம்ப்ஸ். பிரெஞ்சு படித்த பட்டதாரி. அவருடைய அப்பா அதே கம்பெனியின் மருத்துவர். வணிகக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண் என்று இன்று உலகம் கொண்டாடுவது இவரைத்தான். பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற அந்தக் காலத்து பிரிட்டிஷ் காசுக் கணக்கை, பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே தெரிந்த யந்திரத்துக்குப் புரிய வைக்க வேண்டும். அதில் சம்பளப் பட்டியல் வேறு போட வேண்டும். வரி, பிடித்தம் எல்லாம் சேர்த்து ஒரு தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளக் கணக்கைப் போட எட்டு நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை நொடி. ஆனாலும் அவசரப்படவில்லை. ஊழியர் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய பணம் இல்லையா? பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்துப் பார்த்து, 1954 தொடக்கத்தில்தான் லியோ போட்ட கணக்கை நம்பிச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த நிதானத்துக்கு நான் கைதட்டுவேன்.

அதே ஆண்டு இன்னொரு காட்சி. கடைகளை நடத்தும் பெண் மேலாளர்கள் நாளைக்கு என்ன வேண்டும் என்று போனில் சொல்கிறார்கள். வழக்கமான ஆர்டர் லியோவிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். இந்தப் பக்கம் காதில் போனை மாட்டிக்கொண்ட பெண்கள் கேட்கக் கேட்கவே அட்டையில் துளையிடுகிறார்கள். அட்டைகள் லியோவுக்குள் போகின்றன. எந்தக் கடைக்கு எந்தப் பண்டம் எத்தனை என்று பட்டியல் அச்சாகி வருகிறது. நாம் இன்று போனில் இட்லி ஆர்டர் செய்கிறோமே, அதற்கு முப்பாட்டி இதுதான்!

வெளியார் வேலையும் வந்து குவிந்தது. போர்டு கார் தொழிற்சாலையின் சம்பளக் கணக்கு, ரயில் நிலையங்களுக்கு இடையிலான தூரக் கணக்கு, வானிலைத் துறையின் சோதனைகள் எல்லாம் அந்தப் பேக்கரி மாடியில்தான் நடந்தன. 1954-ல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனியே தொடங்கினார்கள். அடுத்தடுத்து லியோ 2, லியோ 3 வந்தன. 1963-ல் இன்னொரு கம்பெனியோடு இணைந்ததும் லயன்ஸின் கை மெல்ல விலகியது. முதல் லியோ 1965 ஜனவரியில் ஓய்ந்தது. அதன் தம்பிகளான லியோ 3 யந்திரங்கள் பிரிட்டிஷ் தபால் துறையில் 1981 வரை உழைத்தன.

கம்ப்யூட்டரின் கதை என்றாலே அமெரிக்காவையும் போர்க்களத்தையும் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். டீக்கடைக் குமாஸ்தாக்களுக்கும் அதில் முதல் வரிசையில் இடம் உண்டு. மேரி கூம்ப்ஸ் 2022-ல் தன் 93-ஆம் வயதில்தான் மறைந்தார்.

லண்டன் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பிளெட்ச்லி பார்க் வளாகத்திலுள்ள தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். எட்சாக்கை அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். பாதரசத்துக்குப் பதில் நிக்கல் கம்பி வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.