மின்பிறப்பிக்கும் பட்டங்களும் அவற்றை ஆளும் முறையும்

வாடைக் காற்றிலே பட்டம் ஏற்றிக் கயிற்றினாற் கை அறுபட்டவர் நம் பழைய மாணவருட் பலர். அவ்விழுவிசையை மின்சாரமாக மாற்றும் முயற்சி மேனாடுகளிற் சில பத்தாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அம்முயற்சியின் உயிர்நிலை பட்டத்தை ஆளும் முறையில் உள்ளது.

ஓரிடத்தில் அசையாது நிற்கும் பட்டத்தால் விளையும் ஆற்றல் சொற்பம். காற்றுக்குக் குறுக்காக விரையும் பட்டமோ காற்றினும் பன்மடங்கு வேகம் எய்துகின்றது. வேகம் மும்மடங்காயின் இழுவிசை ஒன்பது மடங்காகும். இதனை 1980ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் மைல்ஸ் லொயிட் கணித்து வெளியிட்டார்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரிலே (நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் இந்நகரத்தினதே) விண்வெளி வீரர் வுபோ ஒக்கெல்ஸ் தொடக்கிவைத்த ஆராய்ச்சியின் வழியாக, தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 25 சதுர மீற்றர்த் துணிப் பட்டமொன்றால் 20 கிலோவாற்றுப் பொறியை இயக்கினர். பட்டம் எட்டு என்னும் இலக்க வடிவிற் பறந்து கயிற்றை இழுக்க, நிலத்திலுள்ள உருளை சுழன்று மின்பிறப்பாக்கியை ஓட்டும். வட்டமிட்டே பறந்தாற் கயிறு முறுக்கேறும். கயிறு தீருந் தறுவாயிற் பட்டத்தின் பின்விளிம்புக் கயிறுகளைத் தளர்த்தி இழுவையைக் குறைத்து, ஈட்டிய மின்சாரத்திற் சிறுபங்கைச் செலவிட்டுக் கயிற்றை மீளச் சுற்றுவர்.

பட்டத்தின் கீழ்த் தொங்கும் சிறு பெட்டியொன்று அதன் முச்சைக் கயிறுகளை இடப்புறமோ வலப்புறமோ குறுக்கி அதனைத் திருப்பும். இடர் இங்கேதான். ஒரே அளவு குறுக்கினும், விரைந்து பறக்கையிற் பட்டம் சட்டெனத் திரும்பும். வேகம் குன்றுகையில் மந்தமாகத் திரும்பும். ஓடாத தோணிக்குச் சுக்கான் பயன்படாதது போன்றது இது. ஆகவே கணினி பட்டத்தின் வேகத்தை இடையறாது அளந்து, அதற்கேற்பக் கட்டளையைக் கூட்டியும் குறைத்தும் இடல் வேண்டும். கட்டளைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட கணநேரத் தாமதத்தையும் கருதாவிடிற் பட்டம் அளவுமீறித் திரும்பும். அதைத் திருத்தப் புகின் மறுபுறம் மிகும். திடீர்க் காற்று வீசும்போது நிலத்து உருளை கயிற்றை விரைந்து விட்டுக்கொடுக்கும். இப்பாடத்தை நம்மூர்ச் சிறுவன் விரலாலேயே கற்றுவிடுகிறான்!

கூகிள் நிறுவனம் 2013இல் வாங்கிய மக்கானி, 600 கிலோவாற்றுக்கென வகுத்த, 26 மீற்றர் நீள வன்சிறகொன்றை 2019இல் நோர்வேக் கடலிற் பறக்கவிட்டது. இரண்டாம் கடற்பறப்பில் அது வீழ்ந்தழிந்தது. காற்றாலை பழுதுற்றால் நிறுத்திவைத்துத் திருத்தலாம், பறப்பதற்கு அவ்வசதியில்லை. 2020இல் மக்கானி மூடப்பட்டது. துணிப் பட்டத்தார் சோரவில்லை. ஜேர்மனியின் ஸ்கைசெயில்ஸ் நிறுவனம் 2021இல் மொறீசியசுத் தீவிலே தன் பட்டத்தை ஏற்றியது.